ஒயின்ஷாப்பைச் சுற்றிப் போகும் ஆட்டோ

பல வருடங்களாகத் தள்ளிப்போட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பயணம் இந்தத் தை மாதம் ஒருவழியாக நடந்தது. முதல் நாள் ராஜபாளையத்தில் தோழி வீட்டில் தங்கல். மறுநாள் ஆண்டாள் தரிசனம், பால்கோவா, மாலை ரயிலில் தென்காசிக்கு, அதாவது என் வீட்டுக்கு.

தோழி வழக்கமாகக் கூப்பிடும் ஆட்டோவில் கிளம்பினேன். பதினோரு கிலோமீட்டர், போகவர ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் குருசாமிக்கு நாற்பது வயதிருக்கும். நேர்ச்சாலையை விட்டு மில் பக்கமாக இரண்டு கிலோமீட்டர் சுற்றினார். வெளியூர்க்காரி தலையில் மிளகாய் அரைக்கிறாரோ என்று கேட்டே விட்டேன்.

"ரேட்டு அதேதான்க்கா. நேர்வழியில ஒயின்ஷாப் இருக்கு. ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில கெடந்து வந்த பொறவு அங்கிட்டு வண்டி விடுறதில்ல. இனி குடிச்சா தேற மாட்டேன்னுட்டாரு டாக்டரு."

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே தொடர்ந்தார். "கடைக்கு எதுத்தாப்புல ஆட்டோ ஸ்டாண்டு வேணும்னு மனு கொடுத்ததே நாங்கதான். குடிச்சவன் நடந்தா போவான், சவாரி கிடைக்கும்னு. கிடைச்சுச்சு. பொழுது சாஞ்சா நாங்களும் உள்ள போயிருவோம். கூட ஓட்டுன ரெண்டு பேரு அம்பது வயசப் பாக்கல."

பத்தடியில் கடையைத் திறந்துவைத்துவிட்டு, குடிக்கிறவனுக்கு மட்டும் மனஉறுதி வேண்டும் என்கிறோம்.

கோவிலில் நல்ல கூட்டம், தரிசனம் முடிந்து திரும்பவே நேரமாகிவிட்டது. என் பெட்டியோடு தோழி ராஜபாளையம் ஸ்டேஷனில் காத்திருந்தாள். ஊருக்குள் நுழையும்போது ரயிலுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. குருசாமி நேர்வழியில் வண்டியை விட்டார். கடை தெரிந்தது. எதிரே நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் கையாட்டினார்: "ஏலே குருசாமி, சவாரிய விட்டுட்டு செத்த நேரம் வந்துட்டுப் போலே."

ஆட்டோவின் வேகம் குறைந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"வண்டியைத் திருப்புங்க தம்பி. சுத்தியே போவோம்."

"ரயிலு போயிரும்க்கா."

"போகட்டும். பஸ் இருக்கு."

ரயில் போய்விட்டது. தோழி திட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். நீங்கள் போவதானால் பால்கோவாவைக் கடைசியில் வாங்குங்கள், அன்று கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள். ரயிலைப் பிடிக்க அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தென்காசிக்குப் பஸ் அடிக்கடி உண்டு.

பஸ் கிளம்பும்வரை குருசாமி ஜன்னலுக்கு வெளியே நின்றார். அவர் போன் அடித்தது. வீட்டிலிருந்து.

"இல்லட்டி," என்றார், என்னை ஒருதரம் பார்த்துக்கொண்டு. "இன்னைக்கும் சுத்தித்தான் வாரேன்."