எனக்குப் பெயர் வைத்தவர்கள்

என் கைப்பேசி எண் யார் யார் போனில் என்னென்ன பெயரில் கிடக்கிறது என்பது எனக்கே முழுசாகத் தெரியாது. தெரிந்த வரையில் நான் ஒருத்திக்குத் தையல்கார அக்கா, இன்னொருத்திக்குச் சீட்டு அக்கா, இரண்டு மூன்று வீடுகளில் டியூஷன் டீச்சர். கண்டமங்கலம் பக்கத்துக் கொத்தனார் ஒருவருக்கு நான் ‘சிமெண்ட் கடை’. எல்லாமே பொய்ப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் நானும் உடந்தை.

திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்களிடம் பரிசோதனைக்கு முன்னாலும் பேசுவேன், முடிவு வந்த பிறகும் பேசுவேன். இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்லாரையும் போல வாழலாம், வேலைக்குப் போகலாம், நல்லபடியாகப் பிள்ளை பெறலாம். அந்த மாத்திரையை யாரும் நடுவில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் பாடுதான். வீடு விழுப்புரத்தில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ்.

முதல் நாள் பேச்சு முடிந்ததும் எல்லாரிடமும் ஒன்று கேட்பேன். “என் நம்பர என்ன பேர்ல போட்டுக்கப் போற?” அதுவரை அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அந்த இடத்தில் அழுகையை நிறுத்தி யோசிப்பார்கள். அவரவர் வீட்டில் சந்தேகம் வராத பெயர் எதுவென்று அவரவருக்குத்தானே தெரியும். சிலர் சிரித்தும் விடுவார்கள். ஏதோ திருட்டுத்தனத்தில் கூட்டுச் சேர்ந்தது போல எனக்கும் அவர்களுக்கும் அந்த நிமிஷத்தில் ஒரு நெருக்கம் வந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். நானாகக் கூப்பிட்டால் ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணிவிடுவேன். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர்கள் திருப்பிக் கூப்பிடுவார்கள். யாராவது எடுத்துப் பேசிவிடுவார்களோ என்ற பயமே வேண்டாம். பல வருஷமாக இந்த ஏற்பாட்டில் ஒரு பிசகும் வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

என்னிடம் வந்தவர்களில் ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றி எழுதலாமா என்று அவளிடமே கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மரக்காணம் வட்டாரத்தில் ஒரு மீனவக் குப்பம். அதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். கர்ப்பமாக இருந்தபோது எல்லாருக்கும் செய்கிற பரிசோதனையில் அவளுக்குத் தெரியவந்தது. புருஷனிடம் சொன்னாள். அவன் பரிசோதனைக்கு வரவே இல்லை. “எனக்கின்னா, நான் நல்லாத்தான கீறேன்” என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். மாமியார் வீட்டில் வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்பது மட்டும் இருவருக்கும் ஒப்பந்தம்.

என் எண்ணை என்ன பெயரில் போட்டுக்கொள்வது என்று கேட்டபோது அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை.

“அம்மா வூடுன்னு போட்டுக்கறேங்க்கா.”

“உங்க அம்மா நம்பர் வேற இருக்குமே?”

“அது அம்மா. இது அம்மா வூடு. கட்டிக் குடுத்த பொண்ணுக்கு அம்மா வூட்லேர்ந்து போன் வந்தா எவ வந்து இன்னா ஏதுன்னு கேக்கப் போறா?”

அந்தப் பழைய பட்டன் போனில் அவளே எழுத்து எழுத்தாக அழுத்திப் போட்டாள். நான் கேட்ட பெயர்களிலேயே எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. பெண் குழந்தை பிறந்தது. மாத்திரையை அவள் ஒரு வேளை தவறவிடவில்லை. குழந்தைக்கு நோய் ஒட்டவில்லை என்று கடைசிப் பரிசோதனையில் உறுதியான அன்று ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு விழுப்புரம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. அந்தக் கருவாட்டைவிடப் பெரிய சம்பளத்தை நான் இந்த வேலையில் வாங்கியதில்லை.

குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், பட்டன் போன் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனது. வலையில் நல்ல மீன்பாடு கிடைத்த சமயம், புருஷன் அவளுக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தான். சிம்மில் இருந்த பெயர்கள் புதுப் போனுக்கு வந்தன. பழைய போனுக்குள்ளேயே இருந்தவை அதோடு போயின. ‘அம்மா’ வந்தது. ‘அம்மா வூடு’ வரவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அந்த இடத்தை ஒரு கம்பெனி தானாகவே நிரப்பிக்கொண்டது. கூப்பிடுகிறவர் யார் என்று காட்டும் செயலி ஒன்று அந்தப் போனிலேயே வந்திருந்தது. யாரும் கேட்டு வாங்கியதல்ல. வேண்டாம் என்று அழிக்கப் பார்த்தாலும் அழியாது. அது வேலை செய்கிற விதம் இதுதான்: அந்தச் செயலி வைத்திருக்கிறவர்களின் போனில் உள்ள பெயர்களும் எண்களும் மொத்தமாகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்கின்றன. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்தால், ஊரில் யாரோ அந்த எண்ணுக்கு எழுதி வைத்திருக்கும் பெயரை உங்கள் திரையில் அது காட்டும். யாருடைய எண்ணோ அவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் வாழ்நாளில் நான் அந்தச் செயலியைத் தொட்டதே இல்லை.

அந்த மாதம் மாத்திரை வாங்க அவள் வர வேண்டிய நாள் தாண்டிவிட்டது. வழக்கம்போல ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினேன். அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன். திரும்ப அழைப்பு வரவில்லை. மறுநாள் அவள் போன் அணைந்திருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே.

நேரில் போகலாமே என்று கேட்பீர்கள். போக முடியாது. முகவரி கையில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, ஆனால் நான் அந்தக் குப்பத்தில் போய் இறங்கினால் என்னைத் தெரிந்தவர் யாராவது பார்த்தாலே போதும், இவள் குட்டு உடைந்துவிடும். ஏற்கெனவே உடைந்து கிடப்பது தெரியாமல் அதைக் காப்பாற்ற நான் திண்டிவனத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவள் குரல்தான். நலம் விசாரிக்கவில்லை.

“அக்கா, உங்க பேரு எய்ட்ஸ் மேடமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னம்மா சொல்ற என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கு அவள் வெளியில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் அவள் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விட்ட ரிங் வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனால் தவறிய அழைப்பு என்று ஒரு பட்டை திரையின் மேல் வந்து நின்றது. அதில் ‘எய்ட்ஸ் மேடம் திண்டிவனம்’ என்று இருந்தது.

“அந்தப் பொண்ணு பிளஸ் டூ படிச்சிக்கீது இல்ல, சத்தமா படிச்சிட்டா. எங்க மாமியாரு எதிர்லயே உக்காந்துக்கினு இருந்தாங்க.”

அவள் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரை டப்பா கிடைத்திருக்கிறது. பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவளை மட்டும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள்தான் எங்கிருந்தோ கொண்டுவந்தாள் என்று குப்பம் முழுக்கப் பேச்சு. புருஷன் வாயைத் திறக்கவில்லை. பிற்பாடு அவளுடைய துணிமணியையும் அந்த டச் போனையும் மட்டும் கொடுத்தனுப்பினான். அதில் கிடந்த தவறிய அழைப்பைப் பார்த்துத்தான் என் எண்ணை எடுத்திருக்கிறாள். அவன் வாயைத் திறக்காததற்கு எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அவன் வாயை மூடிக்கொண்டு எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது யாரோ முகம் தெரியாதவர்கள் வாயைத் திறந்தார்களே, அதற்கு இன்னும் அதிகமாக எரிகிறது.

சாயங்காலம் விழுப்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக எனக்குத் தெரிந்த போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனில் இருந்த அந்தச் செயலியில் என் எண்ணைப் போடச் சொன்னேன். ரீசார்ஜுக்கு அடிக்கடி போகிற கடைதான், ஆனால் என் எண்ணை அவர் பெயர் போட்டு வைத்திருக்கவில்லை. எய்ட்ஸ் மேடம் திண்டிவனம் என்று வந்தது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெரியாமலேயே அரை அடி பின்னால் நகர்ந்தார். அப்புறம் சுதாரித்துக்கொண்டு சிரித்தார்.

“உங்க வேலையத்தான மேடம் காட்டுது? தப்பாவா போட்டுக்குது? இதுக்குப் போயி ஏன் பேஜாராகுறீங்க?”

தப்பாக இல்லை, சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் பிரச்சினை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? தையல்காரி என்று தப்பாகப் போட்டிருந்தால் அவள் இன்றைக்குத் தன் பிள்ளையோடு இருந்திருப்பாள்.

யார் அந்தப் பெயரைப் போட்டது என்று கொஞ்ச நாள் பைத்தியம் பிடித்தவள் மாதிரி தேடினேன். கூட வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் பார்த்தேன். ஒருத்தரிடம் சண்டையே போட்டேன், அவர் போனில் நான் வெறும் ‘கவுன்சிலர்’ என்றுதான் இருந்தேன். யாராகவும் இருக்கலாம். மருந்துப் பெட்டி இறக்க வந்த டிரைவர், கூட்டம் ஒன்றில் எண் வாங்கிப்போன யாரோ. ஞாபகத்துக்காக நல்ல மனசோடுதான் எழுதி வைத்திருப்பார். அதைக் கம்பெனிக்குக் கொடுக்கிறோம் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

கம்பெனிக்குப் போன் பண்ணலாம் என்றால் ஊரில் இருக்கிற எல்லார் எண்ணையும் வைத்திருக்கிறவர்கள் தங்கள் எண்ணை மட்டும் எங்கேயும் போடவில்லை. பெயரை மாற்ற வேண்டுமானால் அவர்கள் செயலியை நான் இறக்கிக்கொள்ள வேண்டுமாம். இறக்கப் போனால், உங்கள் போனில் உள்ள பெயர்களைப் பார்க்க அனுமதி கொடுங்கள் என்று முதல் கேள்வி. என் போனில் இருப்பவர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்த்தேன். போனையே கவிழ்த்து வைத்துவிட்டேன். எனக்கு வைத்த பெயரை எடுக்க, அத்தனை பேர் பெயரையும் நான் கொடுக்க வேண்டும்.

எண்ணை மட்டும் நீக்கச் சொல்லிக் கேட்க வேறொரு பக்கம் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தேன். என்ன காரணம் என்று கேட்டது. அவர்கள் கொடுத்திருந்த காரணங்களில் என் காரணம் இல்லை. ‘மற்றவை’ என்பதைத் தொட்டு, சின்னப் பெட்டிக்குள் ஒரு குடும்பம் பிரிந்ததை எழுதினேன். “அன்பான பயனரே, உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிகவும் முக்கியமானது” என்று பதில் வந்தது. நான் எந்தக் காலத்தில் இவர்களுடைய பயனராக இருந்தேன்? பெயர் மறைந்தது. கொஞ்ச நாளில் வேறு யாருடைய போனிலிருந்தோ ஏறி, மறுபடியும் வந்து நின்றது.

கடைசியில் எண்ணையே மாற்றினேன். ஒவ்வொருவரையும் நேரில் பார்க்கும்போது புது எண்ணைக் கொடுத்தேன். அவளுக்கு மாத்திரையை அம்மா வீட்டுக்குக் கிட்டே இருக்கும் விழுப்புரத்தில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தேன். கோபத்தில் அவள் மாத்திரையை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன், விடவில்லை. பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு பஸ் பிடித்துப் போய் ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்துவிட்டு வருகிறாள்.

சில மாதம் கழித்து, மனசு கேட்காமல், அதே கடைக்காரரிடம் புது எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

“நல்ல பேராத்தான் வந்துக்குது மேடம், பாருங்க. உங்க அம்மா வூட்டு நம்பரா இது?”

திரையில் ‘அம்மா வூடு’ என்று இருந்தது.

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த பெயர். இந்தத் தடவை அந்த டச் போனில் அவள் மறக்காமல் போட்டு வைத்திருக்கிறாள், போட்ட கையோடு அது கம்பெனிக்குப் போய்விட்டது. இப்படியே இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை, நல்லதுதானே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய மறு கணமே என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அடுத்த முறை அவளைப் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. நான் சொல்வதை முழுசாகக் கேட்டாள்.

“அப்ப நான் இன்னா எழுதி வச்சாலும் அவங்க எடுத்துக்குவாங்களா?”

“ஆமாம்மா.”

“அப்ப வேணாங்க்கா” என்று போனை எடுத்தாள். என் எண்ணைப் பார்த்து ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். பிறகு விரலால் அழுத்தி அந்தப் பெயரை அழித்தாள்.

“அம்மா வூட்ட அழிச்சிட்டேங்க்கா. இனிமே மனசுலயே வச்சிக்கறேன்.”

வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் ஏறி மறுபடியும் பார்க்கச் சொன்னேன். கடைக்காரர் சலித்துக்கொண்டே எண்ணைப் போட்டார். அம்மா வூடு என்றுதான் வந்தது. இன்று மத்தியானம் பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தது.