ஞாயிற்றுக்கிழமைக் கடல்

எங்கள் பெரியப்பாவுக்குக் கடவுளின் தீர்ப்புகள் எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று சிறு வயதில் நான் நம்பியிருந்தேன். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் அப்பாவின் மூத்த அண்ணர். யாழ்ப்பாணக் கரையோரத்தில், கடலைப் பார்த்தபடி இருந்த எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் செபம் சொல்பவர் அவர்தான். பூசை வைக்கும் சுவாமியார் வரப் பிந்தினால் செபமாலையைத் தொடங்குவார். செத்தவீடுகளில் அவர் குரல் இல்லாமல் பெட்டி மூடப்படாது. சனிக்கிழமை பின்னேரங்களில் எங்களுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பார். கடைசித் தீர்வை நாளை அவர் வாயால் சொல்வதோடு விடமாட்டார், நடத்தியே காட்டுவார். செபங்களைப் பிழையில்லாமல் சொன்ன பிள்ளைகள் வலப்பக்க மர வாங்கில் மோட்சத்துக்குப் போகும் செம்மறிகளாக இருப்பார்கள். தடுமாறியவர்கள் இடப்பக்க வாங்கில் நரகத்துக்குப் போகும் வெள்ளாடுகள். நான் பெரும்பாலும் செம்மறிதான். ஆனால் கடற்காற்று இடப்பக்கத்து ஜன்னலால்தான் நன்றாக வரும்.

மனந்திரும்பாதவர்கள் அழிந்துபோவார்கள் என்று யேசுநாதர் சொன்னதைப் பெரியப்பா எங்களுக்குப் பாடமாக்கித் தந்திருந்தார். நாங்கள் அதைக் கோரசாகச் சொல்வோம். யேசுநாதர் அதை யாருக்குச் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வருஷங்களில் கடல் எங்கள் ஆட்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. எப்போது தொழிலுக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். கிழமைக்கணக்கில் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்த ஒரு அக்காவின் புருஷன் அப்படிக் காத்துக் காத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம், கடல் அமைதியாக இருக்கிறது என்று பூசைக்கும் வராமல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். வீட்டில் மூன்று பிள்ளைகள். கடலில் துப்பாக்கிச் சூடு விழுந்த சத்தம் பூசை நேரத்தில் கோயிலுக்குள் கேட்டது. இரண்டு நாளுக்குப் பிறகு அவருடைய உடல் கரை ஒதுங்கியது.

செத்தவீட்டில் பெரியப்பா வழக்கம்போலச் செபம் சொன்னார். அது முடிந்தபின் அக்காவுக்கு ஆறுதல் சொல்லப் போனார். நான் அம்மாவின் மடியோடு ஒட்டிக்கொண்டு இருந்ததால் அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“ஆண்டவற்றை நாளிலை கடலுக்குப் போகாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான், பிள்ளை. கேட்டிருந்தா உயிரோடை இருந்திருப்பார்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் விடையைச் சொல்வதுபோலச் சொன்னார். அதுவரை வாய்விட்டு அழுதுகொண்டிருந்த அக்கா அந்தக் கணமே அழுகையை நிறுத்திவிட்டார். பிறகு அடக்கம் முடியும்வரை அவர் அழவே இல்லை. பெரியப்பா எவ்வளவு நல்ல ஆறுதல் சொல்லியிருக்கிறார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதன்பிறகு அக்கா கோயிலுக்கு வராமல் விட்டதற்கும் அந்தப் பேச்சுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை.

அடுத்த தபசு காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமைகளில், ஒரு சனிக்கிழமை. எங்கள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முதலாவது ஷெல் கடலுக்குள் விழுந்தது. இரண்டாவது கிட்ட விழுந்தது. கோயில் கூரையிலிருந்து ஓட்டுத்தூள் எங்கள் தலையில் கொட்டியது. வாங்குகளின் கீழே படுக்கச் சொன்னார் பெரியப்பா. செம்மறிகளும் வெள்ளாடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தோம். அவர் மட்டும் நின்றபடி பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்கும் உத்தம மனஸ்தாப செபத்தைத் தொடங்கினார். குரல் நடுங்கவில்லை. இன்னும் இரண்டு விழுந்து, பிறகு ஓய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அப்பா சைக்கிளைக் கோயில் வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

“ஆரின்ரை வீட்டிலை?” என்று பெரியப்பா கேட்டார்.

அப்பா தமையனின் முகத்தைப் பார்க்காமல், “வாங்கோ அண்ணை,” என்றார்.

“ஆரின்ரை வீட்டிலை எண்டு கேட்டனான்.”

“உங்கடை வீட்டிலை.”

எங்களை அங்கேயே இருக்கச் சொன்னது நினைவிருக்கிறது. நான் கேட்காமல் பின்னால் ஓடினேன். ஒழுங்கையில் ஒரு சனமும் இல்லை. எல்லோரும் இன்னும் பங்கருக்குள் இருந்தார்கள். பெரியப்பாவின் வீட்டுச் சுவர் ஒருபக்கம் சரிந்து, உள்ளே இருந்த மாதா படம் வெளியே தெரிந்தது. கிணற்றடிக் கொடியில் அவருடைய வெள்ளை வேட்டி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் பூசைக்கென்று பெரியம்மா தோய்த்துப் போட்டது. அதில் ஒரு ஊத்தையும் படவில்லை.

பெரியம்மா கிணற்றுக் கட்டோடு கிடந்தார். அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன்னுடைய சீலைத் தலைப்பால் அவருடைய வயிற்றை மூடிப் பிடித்தபடி ஒருவர் இருந்தார். கடைசி வீட்டு அக்கா. ஷெல் விழுந்துகொண்டிருக்கும்போதே ஓடி வந்திருக்கிறார் என்று பிறகுதான் சொன்னார்கள். பெரியம்மாவுக்கு அப்போதே உயிர் இல்லை.

பெரியப்பா கிட்டப் போகவில்லை. வேலிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். அழவில்லை. அவர் வாய் மட்டும் திறந்திருந்தது. அப்பா என் கண்களைப் பொத்தினார். பொத்தியது பிந்திவிட்டது.

அன்றைக்கு முழுவதும் பெரியப்பா படிப்பித்த மூளை வேலை செய்துகொண்டே இருந்தது. பெரியம்மா நாள்தோறும் பூசை காண்பவர். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பாதவர். அவருடைய பாவம் என்ன என்று நான் தேடினேன். பிரசங்கத்தில் சிலவேளை நித்திரை தூங்குவார். சீனி இருந்தும் இல்லை என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். இவ்வளவுதான் கிடைத்தது. இதற்காகவா என்று திரும்பவும் முதலிலிருந்து தேடினேன்.

மறுநாள் ஞாயிறு. பெரியம்மாவை வீட்டில் கிடத்திவிட்டு, பெரியப்பா காலைப் பூசைக்கு வந்தார். அவரிடம் அப்படி எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். ஆனாலும் சனம் திகைத்துப்போனது. அவர் அந்த வேட்டியைக் கட்டியிருந்தார்.

அன்றைய நற்செய்தியைச் சுவாமியார் வாசித்தார். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து ஆட்கள் செத்துப்போகிறார்கள். செத்தவர்கள் ஊரில் உள்ள மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று யேசுநாதர் கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். அதற்குப் பிறகுதான், அவரைச் சுற்றி நின்ற உயிருள்ளவர்களைப் பார்த்து, நாங்கள் பாடமாக்கியிருந்த அந்த வசனம் வருகிறது. பழக்கத்தில் எங்கள் வரிசையில் இரண்டு மூன்று பிள்ளைகள் அதைச் சேர்ந்து சொல்லி, பிறகு பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். சுவாமியார் புத்தகத்தை மூடினார். பிரசங்கம் வைக்காமல் போய் இருந்துவிட்டார். முன்வாங்கில் பெரியப்பாவின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அது கூனியிருந்தது.

அன்று பின்னேரம் அடக்கம். செத்தவீட்டில் சனம் நிறைந்து ஒழுங்கைவரை நின்றது. பெட்டி மூட முன் சொல்லும் செபத்தைப் பெரியப்பாதான் சொல்ல வேண்டும். வேறொருவரைக் கேட்கலாம் என்று அப்பா சொன்னதற்கு அவர் மறுத்துவிட்டார். பெட்டியின் தலைமாட்டில் நின்று சிலுவை அடையாளம் போட்டார். நாங்களும் போட்டோம். பிறகு செபம் வரவில்லை. சனம் காத்துக்கொண்டு நின்றது.

பெரியப்பா பெட்டியை விட்டு விலகி, பெண்கள் இருந்த பாய்ப் பக்கம் நடந்தார். ஆண்கள் போகாத இடம் அது. பெண்கள் கால்களை ஒடுக்கி வழிவிட்டார்கள். சுவரோரம் இருந்த கடைசி வீட்டு அக்காவின் முன்னால் போய், அவ்வளவு சனத்துக்கும் முன்னால், முழந்தாளில் விழுந்தார்.

“பிள்ளை, உன்ரை மனுசன்ரை செத்தவீட்டிலை நான் உனக்குச் சொன்னதை, இண்டைக்கு நீ எனக்குச் சொல்லு.”

பெரியப்பா கடவுளுக்கும் மாதாவுக்கும் தவிர வேறு ஒருவருக்கும் முழந்தாளிட்டு நான் கண்டதில்லை. அக்கா சொல்லத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது.

அக்கா அவரைப் பார்த்தார்.

“நான் அதைச் சொல்லமாட்டன் ஐயா,” என்றார். “அவ அப்பிடிச் சாகேல்லை. என்ரை மனுசனும் அப்பிடிச் சாகேல்லை.”

அப்போதுதான் பெரியப்பா அழுதார். நான் அதுவரை கேட்டிராத சத்தம் அது. தலை நிலத்தில் முட்டும்வரை குனிந்து அழுதார். அக்காவும் அழுதார், தன் புருஷனுக்கு அழுவதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததைப்போல. அப்பா தூக்கிவிட வந்தபோது அக்கா கையைக் காட்டித் தடுத்தார். பிறகு, நின்றுபோயிருந்த செபத்தை அவரே தொடங்கினார். செத்தவீட்டில் ஒரு பெண் செபத்தைத் தொடங்கி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. சனம் முதலில் தடுமாறி, பிறகு சேர்ந்து சொன்னது. பெரியப்பா முழந்தாளில் இருந்தபடியே மற்றவர்களோடு மறுமொழி சொன்னார்.

அடக்கம் முடிந்து வந்து, பொழுதுபடுகிற நேரம் அம்மா என்னை எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குளிக்க வார்த்தார். என் கண்ணுக்குள் பெட்டி இல்லை, கிணற்றுக் கட்டு இல்லை; நிலத்தில் முட்டிய பெரியப்பாவின் தலைதான் நின்றது. அவ்வளவு பெரிய ஆளை அப்படிப் பார்த்த பயம் எனக்கு இன்னும் தெளியவில்லை.

“அம்மா, கடவுள்தானே பெரியப்பாவை முழந்தாளிலை விழுத்தினவர்? தண்டனைக்கு?”

அம்மா வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார்.

“இல்லை பிள்ளை. அவர் தானாப் போய் விழுந்தவர்.”

விழுந்தால் விழுந்ததுதானே, இதில் என்ன வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டு, அம்மா துடைக்க எடுத்த துவாய்க்குத் தலையைக் குனிந்து கொடுத்தேன்.