ஆறு பதிமூன்றுக்கு முன் தண்ணீர்

8 பிப்ரவரி 2025, சனிக்கிழமை, விழுப்புரம். காலை 4.50-க்கு எழுந்தேன். முதல் வேலையாக முந்நூறு மில்லி வெந்நீர் குடித்து, அதை நாட்குறிப்பில் எழுதினேன். மொட்டை மாடிச் செடிகளுக்கு இரண்டு வாளி தண்ணீர். 5.40-க்குக் கோலம், 6 மணிக்குக் காப்பி. வேறு சனிக்கிழமையாக இருந்தால் ஏழு மணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தைத் திறந்திருப்பேன். இருபத்தாறு ஆண்டுகளாக அதுதான் என் வேலை. இன்று விடுப்பு. எங்கள் நடைக்குழுவின் பெண்கள் ஆறு பேர் செஞ்சிப் பக்கம் ஒரு மலையில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். மலையின் பெயரை எழுத வேண்டாம் என்று அடிவாரத்து ஊரார் கேட்டுக்கொண்டார்கள். பெயர் தெரிந்தால் கூட்டம் வரும், கூட்டத்தோடு பாட்டிலும் குப்பையும் வரும் என்றார்கள். அதனால் எழுதவில்லை.

பையில் வைத்தவற்றை மூன்று முறை சரிபார்த்தேன். முக்கியமானது வடிகட்டி. எங்கள் குழுவின் ஜமீலாவுக்கு அவள் கணவர் துபாயிலிருந்து வாங்கி வந்தது. நான்கு லிட்டர் பிடிக்கும் இரண்டு பைகள். அழுக்குத் தண்ணீர்ப் பையை மரத்தில் கட்ட வேண்டும். அதிலிருந்து இறங்கும் ரப்பர்க் குழாயின் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு வடிகுழல். கீழே நல்ல தண்ணீர்ப் பை. மின்சாரம் வேண்டாம், பம்பு வேண்டாம், தண்ணீர் தன் கனத்திலேயே இறங்கிச் சுத்தமாகிவிடும். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்று காகிதத்தில் போட்டிருந்தது. இரண்டு வாரம் முன்பே வீட்டில் சோதித்துப் பார்த்துவிட்டேன். சரியாக இருந்தது.

9.35. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் காணையிலிருந்து வந்த சரளாவும் அவளுடைய இரண்டு நாத்தனார்களும் சேர்ந்துகொண்டார்கள். சரளாவுக்குக் கரும்பு விவசாயம், வாய் ஓயாது. திண்டிவனத்துக்கு 38 கிலோமீட்டர். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரி வரிசை நீண்டிருந்தது. 10.50-க்கு இறங்கினோம். அங்கேயே குடியிருக்கும் பத்மாவதி டீச்சர் கையில் ஒரு துணிப்பையோடு எங்களுக்காகக் காத்திருந்தார். அறுபத்து மூன்று வயது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். அவரைப் பற்றி இங்கேயே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். துணியில் வடிகட்டாத தண்ணீரைக் குடிக்க மாட்டார். சூரியன் மறைந்த பிறகு எந்தத் தண்ணீரும் குடிக்க மாட்டார். பதினெட்டு ஆண்டுகளாக இந்த விரதம். போன வருடம் அவருக்குச் சிறுநீரகக் கல் வந்தது. தினம் இரண்டரை லிட்டர் தண்ணீர் என்பது மருத்துவர் கட்டளை. பகலுக்குள் அதை முடித்துவிடுவார்.

கோட்டக்குப்பத்திலிருந்து வர வேண்டிய ஜமீலாவின் பேருந்து சாலை வேலையில் மாட்டி ஒன்றேகால் மணி நேரம் தாமதம். 12 மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் 1.20-க்குத்தான் கிளம்பியது. வாடகை 1,800 ரூபாய். ஓட்டுநர் ஏழுமலை ஒரு இருபது லிட்டர் கேனை ஏற்றி வைத்திருந்தார். அடிவாரத்தில் அதை இறக்கப் போனார்.

"வேணாங்க. மேல சுனை இருக்கு, எங்ககிட்ட வடிகட்டி இருக்கு" என்றேன்.

"சுனைத் தண்ணி மேடம், ஆடு வந்து மூஞ்சிய வுட்டுக்கினு குடிக்கும். தலைக்கு ஒரு நூறு ரூவா குடுங்க, ரெண்டு பசங்க கேன மேல ஏத்திருவாங்க."

"தேவையில்ல. நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் வரும்."

அவர் என் கையிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தார். "டீ வடிகட்டியே எங்கூட்டுல அடைச்சிக்குது. இது பேஜாரு பண்ணாம இருந்தா சரி" என்று கேனோடு திரும்பிப் போனார். நாளைக் காலை எட்டு மணிக்குத்தான் வருவார். கேன் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான் என்பதைக் குறித்து வைக்கிறேன்.

3.05-க்கு ஏறத் தொடங்கினோம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாறையெல்லாம் அனல். பாதி வழியில் சரளாவின் சின்ன நாத்தனாருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, வாந்தியும் எடுத்தாள். டீச்சர் தன் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மேலே போனால் தண்ணீர் இருக்கிறது என்று யாரும் தடுக்கவில்லை.

4.40. உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு பெரிய பாறையின் கிழக்கு ஓரம், சமதளம். ஆறு பாட்டில்களும் காலி. டீச்சர் உட்கார்ந்தவர் எழவில்லை. உதடு வெளுத்து வெடித்திருந்தது. நாடி பார்த்தேன்: 112. முதுகைத் தொட்டேன், வியர்வை இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது.

4.55. சுனை அறுபது படி கீழே. தண்ணீர் பச்சையாக, இலை மிதந்து கிடந்தது. டீச்சர் இறங்கி வந்தே தீருவேன் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எங்களோடு வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்து இரண்டாக மடித்து, அழுக்குப் பையின் வாயில் கட்டினார். சரளா மொண்டு ஊற்றினாள். நான்கு லிட்டர் நிரம்பியதும் மேலே ஓடலாம் என்று பார்த்தால், டீச்சர் துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த தண்ணீரிலேயே கொஞ்சம் அதன்மேல் ஊற்றி, நிதானமாகச் சுனைக்குள் அலசிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அப்புறம் பண்ணிக்கலாம். நேரம் போகுது" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"துணியில ஒட்டிக்கினு வந்த சின்ன உயிருங்கள தூக்கிப் பாறையில எறிஞ்சா செத்துடும், கீதா. எந்தத் தண்ணியில இருந்துச்சோ அங்கதான் வுடணும். அரை நிமிஷம்."

ஒன்றரை நிமிடம் ஆனது.

5.02. பையை வேப்பங்கிளையில் கட்டி, குழாயின் கவ்வியைத் திறந்தேன். சொட்டு. இன்னொரு சொட்டு. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று கீழ்ப் பையை மேலே தூக்கிக் குமிழிகளை வெளியேற்றினேன். மறுபடி சொட்டுத்தான். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பத்தாறு சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி என்பது எங்கள் வேலையில் மனப்பாடம்.

"சூரியன் எப்ப மறையுது?" என்று கேட்டேன்.

ஜமீலா கைப்பேசியில், சூரியன் மறைந்ததும் செய்யும் தொழுகையின் நேரத்தைப் பார்த்தாள். "மஃரிப் ஆறு பதிமூணு."

எழுபத்தோரு நிமிடம். இந்த வேகத்தில் ஒரு டம்ளர்கூடத் தேறாது. ஆறு பதிமூன்றைத் தவறவிட்டால் டீச்சர் நாளை விடியும்வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாய் நனைக்க மாட்டார். கல் வந்த சிறுநீரகம், அந்த நாடி. காய்ச்சலாம் என்றால், மலைமேல் நெருப்பு மூட்டக் கூடாது என்பது இங்கே தங்க வாங்கிய அனுமதியின் முதல் நிபந்தனை; அடுப்பே கொண்டுவரவில்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை.

"நான் ஜல்தியா எறங்கி ஊருக்குள்ள போயி வாங்கியாரேன்" என்றாள் சரளா.

"எறங்க ஒரு மணி நேரம், ஏற ஒன்றரை. ஏழரை ஆயிடும்" என்றேன்.

"டீச்சர், ஒரு நாளைக்கு வுட்டுக்குடுத்தா சாமி கோச்சிக்குமா?" சரளா கேட்டாள்.

"கோச்சிக்கிறதுக்கு அங்க யாரும் இல்ல சரளா. நான் எனக்குச் சொல்லிக்கினது" என்றார் டீச்சர். கண்ணை மூடிப் பாறையில் சாய்ந்துகொண்டார்.

5.11. வடிகுழலைக் கழற்றினேன். அதன் வாயில் ஓரமாக வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டினேன். உடனே தெரிந்தது. எங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளை. இரண்டு வாரம் முன்பு சோதித்தபோது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைத்தான் ஓட்டினேன். பிறகு பூஞ்சை பிடிக்கக் கூடாதே என்று மூன்று நாள் மாடி வெயிலில் காயவைத்தேன். கவனமாக, துணி விரித்து, திருப்பித் திருப்பி. உப்பு உள்ளே இருக்கும் நுண்குழல்களில் காய்ந்து இறுகிவிட்டது. சோதிக்காமலே கொண்டுவந்திருந்தால் ஒழுங்காக ஓடியிருக்கும்.

"என் தப்பு" என்று சொன்னேன்.

"அத நாளைக்கு எழுதிக்கங்க. இப்ப என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றாள் ஜமீலா.

நிலையத்தில் கருவிக் குழாயில் உப்புப் படிந்தால் அமிலம் ஓட்டுவோம். "புளிப்பா ஏதாச்சும் இருக்கா?"

"புளிசோறு இருக்குது" என்றாள் சரளா. பிறகு தன் பையைக் கவிழ்த்தாள். "எலுமிச்சம்பழம் இருக்குதுக்கா! மலையில மயக்கம் வந்தா மோந்து பாக்கன்னு எங்க மாமியா வெச்சுது. ஆறு."

ஆறையும் பிழிந்தோம். சக்கை ஒரு துணுக்கு போனாலும் குழல் மொத்தமாக அடைந்துவிடும். கண்ணைத் திறக்காமலே டீச்சர் வெள்ளைத் துணியின் சுத்தமான முனையை நீட்டினார். அதில் வடித்த சாற்றில் வடிகுழலை நிறுத்தினேன். 5.20. குறைந்தது இருபது நிமிடம் ஊற வேண்டும். அந்த நேரம் முழுக்க நான் கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை.   குழலின் வாயிலிருந்து சிறு சிறு நுரை கிளம்பியது, உப்பு கரைகிறது. அது ஒன்றுதான் ஆறுதல். டீச்சரின் நாடி 116.

5.44-க்கு எடுத்தேன். 5.46-க்கு மறுபடி மாட்டிக் கவ்வியைத் திறந்தேன். நான்கைந்து சொட்டு. பிறகு ஒரு இழுப்பு. பிறகு தையல் நூல் பருமனுக்கு அறுபடாத தண்ணீர். நாத்தனார் இருவரும் கை தட்டினார்கள். சாறும் கரைந்த உப்பும் போக, முதல் அரை லிட்டரைக் கொட்ட வேண்டும் என்றேன்.

"ஐயோ, கொட்டுறாங்களே!" என்று சரளா தலையில் அடித்துக்கொண்டாள். "புளிச்சா ஜூஸுன்னு குடிக்கட்டுமே!"

கொட்டத்தான் வேண்டும். நான்கு நிமிடம் போனது. 5.52-க்கு முதல் டம்ளரை டீச்சர் கையில் கொடுத்தேன். சின்னச் சின்ன மிடறாகக் குடித்தார். இரண்டாவது டம்ளர் பாதியில் இருக்கும்போது எங்கள் சமதளத்தில் நிழல் விழுந்தது. பெரிய பாறைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது. டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"டீச்சர், அஞ்சு அம்பத்தேழுதான் ஆவுது" என்றேன்.

"மறைஞ்சிடுச்சே."

"பாறை மறைச்சிருக்கு டீச்சர்." ஜமீலா கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஆறு பதிமூணுக்கு முன்னாடி எனக்கு மஃரிப் தொழுகை இல்ல. அதுவரைக்கும் உங்களுக்குத் தண்ணி இருக்குது."

டீச்சர் கைப்பேசியைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "கண்ணால பாத்தவங்க சொன்னா குடிக்கிறேன்."

சரளா செருப்பை உதறிவிட்டுப் பாறைமேல் ஏறினாள். நாங்கள் நால்வரும் கழுத்தை நிமிர்த்திக் காத்திருந்தோம்.

"இருக்குது டீச்சர்! முழுசா இருக்குது! கேப்பை ரொட்டி மாதிரி செவசெவன்னு!"

டீச்சர் டம்ளரை எடுத்தார். அங்கிருந்து சரளா சூரியனைச் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஜமீலா நிமிடத்தைச் சொன்னாள், நான் டம்ளரை நிரப்பினேன். "இன்னும் ரெண்டு முழம் இருக்குது!" "ஆறு நாலு." "ஒரு முழம்!" "ஆறு எட்டு." மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாவதை முடித்ததும் டீச்சர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆறு பதினொண்ணுதான். ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றாள் ஜமீலா.

"அது கெடக்கட்டும். கடைசி வரைக்கும் இழுத்துப் புடிக்கக் கூடாது."

மொத்தம் ஒரு லிட்டர். 6.13-க்கு ஜமீலா விரிப்பை விரித்தாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் மற்றவர்கள் குடித்தோம். தண்ணீரில் எலுமிச்சை வாசனை லேசாக இருந்தது. 6.40-க்கு டீச்சரின் நாடி 92.

இருட்டுவதற்குள் ஒரு வேலை பாக்கி. வடிகுழலில் சேர்ந்த அழுக்கைச் சுத்தத் தண்ணீரால் எதிர்த் திசையில் தள்ளிக் கழுவ வேண்டும். ஒரு டம்ளர் அளவுக்குப் பழுப்பு நிறத் தண்ணீர் வந்தது. பாறை ஓரத்தில் வீசக் கையை ஓங்கியவள் திரும்பிப் பார்த்தேன்.  டீச்சர் போர்வைக்குள் படுத்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை. டம்ளரை ஒரு மூடியால் மூடி, கூடாரத்தின் ஓரம் கல் அணைத்து வைத்தேன்.

வீட்டில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் பார்ப்பேன். வடிகட்டி பிடித்து வைத்ததை யோசித்ததில்லை. அங்கே அது குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. இங்கே அது வந்த இடம் அறுபது படி கீழே, கண்ணுக்கு எதிரே இருக்கிறது.

9 பிப்ரவரி, ஞாயிறு. காலை 6.05-க்கு எழுந்தேன். வழக்கமான முந்நூறு மில்லியைக் குடிக்கவில்லை, நாட்குறிப்பையும் எடுக்கவில்லை. மூடிய டம்ளரை எடுத்துக்கொண்டு, சிந்தாமல் அறுபது படி இறங்கி, சுனைத் தண்ணீருக்குள் டம்ளரை அமிழ்த்தி, மெதுவாகக் கவிழ்த்தேன்.