விசிலடித்துப் படித்த ஒன்றாம் வகுப்பு

பதினாறு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் கிளார்க்கம்மாவின் வாயை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. அலுவலகத்துக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு வலது கையால் முத்திரை குத்துவாள். சிரிப்பு வந்தால் கை இன்னும் இறுகும். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி, அவ்வளவுதான் விஷயம். பென்சில் நுழையாது, பென்சிலின் முனை நுழையும். சின்ன வயதில் நுழைத்தே பார்த்திருக்கிறாள்.

அவளிடம் ஒரு பட்டமும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் இருந்தன, பீரோவில், போர்வைகளுக்கு அடியில். கல்யாணமான புதிதில் மூன்று நேர்காணலுக்குப் போனாள். மூன்றிலும் "கையை எடுத்துட்டுப் பேசுங்கம்மா" என்றார்கள். எடுத்தால் அவளுக்குப் பேச்சு வரவில்லை. மூடினால் பேச்சு வந்தது, அவர்களுக்குக் கேட்கவில்லை. கடைசியாகப் போன இந்தப் பள்ளிக்கூடத்தில், அப்போதிருந்த நிர்வாகி போனால் போகிறதென்று டைப் அடிக்கிற வேலை கொடுத்தார். அதற்கு வாய் தேவையில்லை. தினமும் ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போவதைப் பார்ப்பாள். கடைசிப் பிள்ளை திரும்பி மறைந்த பிறகுதான் அடுத்த தாளை மெஷினில் செருகுவாள்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போனார். ஒன்றுக்கு இரண்டாகப் பிறந்ததில் வேலையையே விட்டுவிட்டார். தலைமையாசிரியை, எல்லாரும் பெரிய மேடம் என்று கூப்பிடுகிறவர், ஆள் தேடித் தேடி அலுத்துப்போய் ஒருநாள் பழைய விண்ணப்பங்களைக் கொட்டிக் கிளறினார். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஜன்னலுக்கு வந்தார்.

"நீங்க டீச்சரா?"

"சர்டிஃபிகேட்ல அப்படித்தான் போட்டிருக்கு மேடம்," என்று கைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"பதினாறு வருஷமா சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே மேடம்."

"சரி, நாளையிலேருந்து ஒண்ணாம் கிளாஸ். மூணு மாசம் பார்ப்போம். வாசிப்பு நாளன்னிக்கு மேற்பார்வையாளர் வருவார். பிள்ளைங்க படிச்சா நீங்க அங்கேயே இருக்கலாம். படிக்கலைன்னா மறுபடியும் இந்த ஜன்னல்தான்."

வீட்டில் செய்தியைச் சொன்னதும் கணவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்து இழுத்து, எதற்கும் பதறாத சுபாவம் வந்துவிட்டது. அவரே எழுந்து நின்றார். நாத்தனார்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"அங்கேயும் வாயைப் பொத்திக்கிட்டா நிப்பீங்க அண்ணி? பிள்ளைங்களுக்கு உங்க கைதான் தெரியும்."

"கை தெரிஞ்சா கையெழுத்தாவது நல்லா வரும், நீ சும்மா இரு," என்றார் கணவர்.

வகுப்பில் இருபத்து நான்கு பேர். எல்லாருக்கும் எழுத்துகள் தெரியும், அதுதான் வினை. பலகையில் 'மரம்' என்று எழுதினால் கூரை பறக்கிற மாதிரி கத்துவார்கள்: "மானா! ரானா! இம்மன்னா!"

"சேர்த்துச் சொல்லுங்க பார்ப்போம்."

"மானாரானாயிம்மன்னா!"

அதில் எங்கே தேடினாலும் மரம் இல்லை. எழுத்தின் பெயர் தெரியும், அது போடுகிற சத்தம் தெரியாது. மனிதர்களின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு அவர்கள் குரலைக் கேட்காமலே இருப்பது போல. ஒரே ஒரு நாள் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே பாடம் எடுத்தவர் இரண்டே விஷயம் சொன்னார். எழுத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், ஒலியைச் சொல்லுங்கள். சொல்லும்போது பிள்ளைகள் உங்கள் வாயைப் பார்க்கட்டும்.

இரண்டாவதைக் குறிப்பேட்டில் எழுதும்போது அவள் இடது கை தானாக வாய்க்குப் போனது.

மறுநாள் வகுப்பின் நடுவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கீழே இறக்கினாள். "ம," என்றாள். முதல் வரிசையில் ஒல்லியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வகுப்பே அவளைக் குண்டூசி என்று கூப்பிடும். அவள் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், உங்க பல்லுல கதவு திறந்திருக்கு."

"உள்ள யாரு இருக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அது லாரி. உட்காரும்போதும் எழும்போதும் இஞ்சின் சத்தம் போடுகிற பையன்.

வகுப்பு சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்த பிறகுதான் இரண்டு கையும் மேஜைமேலேயே இருப்பதைப் பார்த்தாள்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க ஆளில்லை. அலுவலகத்திலிருந்து பழைய ஃபைல் அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தாள், ஒலிக்கு ஒரு அட்டையாக வெட்டினாள். தன் ஸ்டேப்ளரையும் கொண்டு வந்தாள். பதினாறு வருஷமாகத் தாளோடு தாளைச் சேர்த்தவளுக்கு, ஒலியோடு ஒலியைச் சேர்க்க வேறு எது தோன்றும்? மூன்று பிள்ளைகள் மூன்று அட்டையோடு தள்ளித் தள்ளி நிற்பார்கள். "ம... ர... ம்..." நெருங்கி வருவார்கள். "ம..ர..ம்.." அட்டைகளின் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது அவள் ஸ்டேப்ளரை அழுத்துவாள். டக்! "மரம்!" என்று இருபத்து நான்கு பேரும் குதிப்பார்கள். ஏதோ அந்த மரத்தை அவர்களே நட்டுத் தண்ணீர் ஊற்றின மாதிரி.

பட்டம் டக். கடல் டக். லாரி தன் பெயரைத் தானே டக் அடித்து, அந்த அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனான். பிள்ளைகள் கழிப்பறைக் கதவைப் படித்தார்கள், தீயணைப்பு வாளியைப் படித்தார்கள், பெரிய மேடம் நாற்காலியின் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் படித்தார்கள்.

இரண்டரை மாதம் கழித்து 'ச' வந்தது.

அவளுடைய 'ச'வில் பிறந்ததிலிருந்தே ஒரு விசில் உண்டு. அவள் காதுக்கு அது பழகிப்போனது, கேட்பதே இல்லை. பிள்ளைகளுக்குப் புத்தம் புதிது. அவர்கள் வாயைப் பார்த்தார்கள், கேட்டார்கள், கேட்டதை அப்படியே சொன்னார்கள். ஆறு வயதில் பாதிப் பேருக்கு முன்பல் விழுந்திருந்ததால் விசில் சிரமமில்லாமல் வந்தது. பல் விழாதவர்கள் உதட்டைக் கோணி, மூச்சைப் பிடித்து, பெஞ்சுக்கு அடியில் பயிற்சி செய்தார்கள். நான்கே நாளில் வகுப்பு முழுக்கச் 'ச' சுத்தமாக விசிலடித்தது. சங்கு, விசில். சக்கரம், விசில். பசி என்றால் நடுவில் ஒரு சின்ன விசில்.

முதல் புகாரோடு வந்தவர் குண்டூசியின் அப்பா, சைக்கிள் கடைக்காரர்.

"மேடம், எம்பொண்ணு 'சட்டை எங்கே'ன்னு கேட்டா எங்க நாய் ஓடி வந்து நிக்குது. காலையில கிளம்புறதுக்குள்ள அது பத்துத் தடவை ஓடி வந்து இளைச்சே போச்சு."

பெரிய மேடம் அவளைக் கூப்பிட்டார். "எங்கே, 'ச' சொல்லுங்க." சொன்னாள். பெரிய மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. மேற்பார்வையாளர் முன்னாடி அத்தனை பேரும் விசிலடிச்சா இது பள்ளிக்கூடமா, பஸ் ஸ்டாண்டா? ஏதாவது பண்ணுங்கம்மா. இல்லைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று சாயங்காலமே பல் டாக்டரிடம் போனாள். டாக்டர் சின்னப் பெண், உற்சாகமானவள். "இப்போதைக்கு லேசா ஒட்டி அடைச்சு விடறேன். பிடிச்சிருந்தா பெர்மனென்டா பண்ணிடலாம். கடினமா எதையும் கடிச்சிடாதீங்க, பெயர்ந்து வந்துடும்." அரை மணி நேரத்தில் கதவு சாத்தியாகிவிட்டது.

வீட்டுக் கதவைத் திறந்த கணவர் மேலும் கீழும் பார்த்தார். "யாரு வேணும்ங்க? எங்க வீட்டம்மா வெளிய போயிருக்காங்க." நாத்தனார் மட்டும் கிண்டல் செய்யவில்லை. "நல்லா இருக்கு அண்ணி," என்றாள் நிஜமாகவே. அதுதான் எப்படியோ இருந்தது.

கிளார்க்கம்மாவின் அம்மா இறந்துபோய் ஏழு மாதமாகியிருந்தது. அந்த இடைவெளி அம்மா கொடுத்தது. தினமும் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் அம்மா ஒரு நிமிஷம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். மறுநாள் காலையில் வரவில்லை. அவள் இரண்டு தடவை வாய் கொப்பளித்துவிட்டு நின்று பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வகுப்பில் நின்று, "ச," என்றாள். விசில் இல்லாத, ஒழுங்கான, ஊரார் எல்லாரும் சொல்கிற 'ச'.

இருபத்து நான்கு முகமும் சுருங்கின.

"தப்பு டீச்சர்."

"இல்லப்பா, இதுதான் சரி. ச."

"உங்க 'ச' ரிப்பேர் ஆயிடுச்சு டீச்சர்," என்றான் லாரி பரிதாபமாக. "இப்படி நாக்கை வெச்சு ஊதுங்க." ஊதிக் காட்டினான். வகுப்பே அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தது. ஒருத்தி வந்து அவள் கன்னத்தைப் பிடித்து அமுக்கிக்கூடப் பார்த்தாள். கால் மணி நேரம் இந்தக் கூத்து நடந்தது. பிறகு அவள் கண்டிப்பாக, "இனிமே யாரும் விசிலடிக்கக் கூடாது, படிங்க," என்று 'சங்கு' அட்டையை நீட்டினாள்.

நேற்று வரை ஓடிய வண்டி நின்றுபோனது. பிள்ளைகள் அட்டையைப் பார்த்தார்கள், அவள் வாயைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். குண்டூசி வாயைத் திறந்து மூடினாள். இடது கையை மெதுவாகத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் கிளார்க்கம்மா அட்டையைக் கீழே வைத்தாள்.

"யார்கிட்ட கேரட் இருக்கு?" என்றாள்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ் திறந்தது. ஒரு முழுக் கேரட் கை மாறி வந்தது. டீச்சர் வகுப்பு நேரத்தில் தின்பதைப் பார்க்கிற பாக்கியம் எந்த வகுப்புக்கு வாய்க்கும்? எல்லாரும் பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள். அவள் முன்பல்லால் ஒரே கடி. டக்! கேரட்டா, அடைப்பா என்று முதலில் தெரியவில்லை. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். இரண்டும்தான்.

"ச," என்றாள். விசில் கூரையில் போய் முட்டித் திரும்பி வந்தது.

"சரியாயிடுச்சு!" என்று குண்டூசி இரண்டு கையையும் தட்டினாள்.

வாசிப்பு நாளன்று கூடம் நிறைந்திருந்தது. பெற்றோர்கள், பின்வரிசையில் கணவரும் நாத்தனாரும், நடுவில் மேற்பார்வையாளர். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, சிரித்தால் கூலி குறையும் என்பது போல உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை அவரே கொண்டு வந்து பலகையில் ஒட்டினார். கிளார்க்கம்மா எட்டிப் பார்த்தாள். 'சின்னச் சிட்டு சிறகை விரித்தது. சிவப்புச் செடியில் சற்று அமர்ந்தது.' எத்தனை விசில் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டாள். பெரிய மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிள்ளைகள் படித்தார்கள். ஒரு வார்த்தை தடுக்கவில்லை, ஒரு எழுத்து விடவில்லை. ஒவ்வொரு 'ச'வும் விசிலோடுதான் வந்தது. சிட்டு பறந்து கூடத்துக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி இருந்தது. வாசலில் சைக்கிள் கடைக்காரரின் நாய் வந்து காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அவர் அதைக் காலால் தள்ளிப் பார்த்தார், போகவில்லை. பின்வரிசையில் நாத்தனார் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

மேற்பார்வையாளர் விடுகிறவராக இல்லை. மனப்பாடமோ என்று சந்தேகம் வந்தால் போடுகிற கடைசிச் சோதனையை எடுத்தார். அர்த்தமே இல்லாத வார்த்தைகள். 'மிடசு' என்று ஒரு அட்டையைக் காட்டினார்.

"மிடசு!" என்றான் லாரி. "அப்படின்னா என்ன சார்?"

"ஒண்ணும் இல்லை."

"அப்போ எதுக்கு சார் எழுதி வெச்சிருக்கீங்க?"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் ஒரு தாளில் என்னவோ எழுதி, பெரிய மேடத்திடம் நீட்டினார். நீட்டிய கைக்கும் வாங்கப் போன கைக்கும் நடுவில், சரியாக அந்த உயரத்தில், குண்டூசியின் முகம் இருந்தது. இப்போதெல்லாம் எழுத்தென்று ஒன்று கண்ணில் பட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது.

"இ... வ... ரை," என்று ஆரம்பித்தாள்.

பெரிய மேடம் தாளை இழுக்கப் போனார். "இருங்க, படிக்கட்டும்," என்றார் மேற்பார்வையாளர்.

"இவரை," என்று சேர்த்தாள் குண்டூசி. "மா... ற்... ற."

"மாற்ற!" என்று மற்ற பிள்ளைகள் உற்சாகமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். கணவர் பின்வரிசையில் எழுந்து நின்றார். கிளார்க்கம்மாவுக்கு அந்தக் கண்ணாடி ஜன்னல், முத்திரை, மை டப்பா எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. குண்டூசிக்கு மூச்சு தீர்ந்துபோனது. நிதானமாக மூச்சு இழுத்துக்கொண்டாள். விரலை அடுத்த எழுத்தின்மேல் வைத்தாள்.

"வே... ண்... டா..."

"சொல்லுடி சீக்கிரம்!" என்று கத்தியது நாத்தனார்.

"...ம். வேண்டாம்! இவரை மாற்ற வேண்டாம்!" குண்டூசி வெற்றியோடு நிமிர்ந்தாள். பிறகு யோசித்தாள். "யாரை டீச்சர்?"

"என்னைத்தான்."

"உங்களை எதுக்கு மாத்தணும்?"

கிளார்க்கம்மாவின் கை வாய்க்குப் போகவில்லை. கூடத்தின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே இன்னும் ஒரு வரி இருந்ததை அப்போதுதான் மேற்பார்வையாளர் நினைத்துக்கொண்டு அவசரமாகத் தாளை மடிக்கப் போனார். அதற்குள் லாரி மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து, தலையைக் கவிழ்த்து, தலைகீழாகவே படித்து முடித்திருந்தான்.

"சத்தம் சற்று அதிகம்!" என்றான், இரண்டு விசிலோடு.