ஆழத்தில் இருந்த கட்டி

பிள்ளைகளே, மாதவிலக்கு நாட்களில் அம்மா மூத்திரம் போனால் வலிக்குமே என்று பயந்து கழிப்பறை வாசலிலேயே நின்றதைப் பார்த்திருக்கிறீர்கள். "அம்மாவுக்கு என்னப்பா?" என்று கேட்டீர்கள். எனக்கே தெரியாது, என்ன சொல்வேன்?

கிளினிக்கில் கிருமி என்று சொல்லி மாத்திரை கொடுப்பார்கள். மூத்திரத்தைச் சோதித்தால் கிருமி இருக்காது. மறுபடியும் அதே மாத்திரை. காஹாங் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் உங்கள் பெரியம்மா பார்லி பாக்கெட் கொண்டுவருவார்.

"பார்லி தண்ணி குடிச்சா சரியாயிரும் லா."

"இன்னும் குடிச்சா நானே முளைச்சிருவேன்க்கா," என்றாள் அம்மா.

பிறகு ஸ்கேனில் மூத்திரப்பைச் சுவரில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோயா என்று கேட்டேன். சதையைக் கொஞ்சம் கிள்ளிச் சோதித்தால்தான் தெரியும் என்றார்கள். கிள்ளினார்கள். ரிசல்ட் வந்தது: ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லையாம்! கட்டி இருக்கிறது, வலி இருக்கிறது, ரிசல்ட்டில் மட்டும் ஒன்றும் இல்லை. "பாத்தியா, எல்லாம் மனசுலதான்," என்றார் பெரியம்மா. எனக்கு யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பிடிப்பது?

அடுத்த முறை வேறொரு டாக்டரம்மா பார்த்தார். "உள்தோல் நல்லாத்தான் இருக்கு, அண்ணே. கட்டி அதுக்குப் பின்னால, தசைக்குள்ள இருக்கு. போன தடவ மேலாப்புல எடுத்துட்டாங்க. ஆழமா எடுக்கணும்."

"அத மொதல்லயே எடுத்திருக்கலாமே, டாக்டர்?"

ஆழமாக எடுத்தார்கள். மறுபடியும் காத்திருந்தோம். அந்த நாட்களில் அம்மா சமைத்த எதிலும் உப்பு சரியாக இல்லை. நான் அப்படியே சாப்பிட்டேன்.

இந்த முறை ரிசல்ட்டில் தெரிந்தது. கருப்பையின் உள்பக்கத்தில் இருக்க வேண்டிய சுரப்பிகளும் அவற்றைச் சுற்றியிருக்கும் திசுவும் மூத்திரப்பையின் தசைக்குள் வளர்ந்திருந்தனவாம். பக்கத்தில் பழைய இரத்தத்தின் கறை. சுற்றியிருந்த தசை தழும்பேறித் தடித்துவிட்டது. எண்டோமெட்ரியோசிஸ் என்று டாக்டரம்மா பெயர் சொன்னார்.

"மாசாமாசம் கருப்பை மாதிரியே இதுவும் வீங்கும், உள்ளுக்குள்ளயே கசியும். அதான் அந்த வலி. புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க."

"மனசுலயும் இல்லயே, டாக்டர்?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. மைக்ராஸ்கோப்லயே தெரியுது."

"அத எங்க அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புற்றுநோய் இல்லை என்ற நிம்மதிக்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. இத்தனை வருஷம் விழுங்கிய மாத்திரை எதற்கு? மகளே, உனக்கும் இப்படி வலித்தால் 'ஒன்றும் இல்லை' என்பதோடு திரும்பி வராதே. எங்கே பார்த்தீர்கள், எவ்வளவு ஆழம் பார்த்தீர்கள் என்று கேள்.

கட்டியை எடுக்க ஆப்பரேஷனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா படுத்துவிட்டாள். நீங்கள் பள்ளியில் இருந்தீர்கள். சமையலறை அலமாரியில் இருந்த பார்லி பாக்கெட்டுகளை எல்லாம் எடுத்துப்போய், பின்பக்கக் கால்வாய் ஓரத்தில் ஒவ்வொன்றாகக் கிழித்துப் புறாக்களுக்குக் கொட்டினேன்.