வெங்காயம் உரித்த கூலி

மலேசியாவில் லாபு ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவரை எங்கள் கல்யாணங்களுக்குச் சமையல்காரர் வந்ததில்லை. உன் வீட்டு அடுப்புக்கு நான், என் வீட்டு அடுப்புக்கு நீ. "உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாது" என்பார்கள். யாரும் பார்த்ததில்லை. என் கல்யாணத்தில் சோறு வடித்தது பக்கத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருந்த தம்பி. கொதிக்கிற கஞ்சி அவன் காலில் கொட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது.

தோட்டம் கைமாறியதும் எல்லாரும் சிரம்பான் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். போன மாதம் அந்தத் தம்பி மகனுக்குக் கல்யாணம். சமையலுக்கு ஆள் பிடித்திருந்தான். இருந்தாலும் கூப்பிடாமலே போய், முதல் நாள் காலையிலிருந்து வெங்காயம் உரித்தேன்.

"என்னண்ணே, மருமவ இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள அழுவுறீங்க?" என்றாள் அவன் மனைவி.

"அவ வரப்போற வீட்ட நெனச்சேன் தாயி."

கல்யாணம் முடிந்த மறுநாள் அவன் ஒரு உறையோடு வந்தான்.

"என்னடா இது?"

"ஒரு நாள் கூலிண்ணே. வெளியாளுக்குக் குடுக்கிறதவிடக் கூடத்தான் வெச்சிருக்கேன்."

"நான் கூலிக்கா வந்தேன்?"

"கோவிச்சுக்காதீங்கலா. தை மாசம் உங்க மவ கல்யாணம். எனக்கு லீவு கிடைக்காது. பதிலுக்குச் செய்யாம இருந்தா நல்லா இருக்காது பாருங்க. கேட்டரிங் நம்பர் வேணும்னா தர்றேன்."

ஒரு பொருளின் மதிப்பு அதில் இறங்கிய உழைப்பு என்று இளவயதில் ஏதோ பழைய புத்தகத்தில் படித்து, தோட்டமெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். உழைப்புக்கு உரியது கைக்கு வந்தால் நியாயம் முடிந்தது என்று நம்பினேன். இப்போது உரியதற்கு மேலேயே வந்துவிட்டது. எந்தத் தராசில் வைத்தாலும் அவன் பக்கம் குறையில்லை. அதுதான் வலித்தது. அவன் காலில் கொட்டிய கஞ்சிக்கு நான் என்ன கொடுத்தேன்? ஒன்றுமில்லை. கொடுக்காமல் வைத்திருந்ததால்தானே இத்தனை வருடம் அவன் வீட்டுக்குள் கூப்பிடாமல் நுழைந்தேன்! அந்தக் கதவை ஒரு உறையை வைத்துச் சாத்திவிட்டான்.

"அப்ப சோறு யாரு வடிக்கிறது?" என்றாள் என் மனைவி. அவன்தான் வந்து வடிப்பான் என்று மகளிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

அடுத்த வாரம் கேட்டரிங்காரர் முன்பணம் கேட்டார். அவன் தந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே நீட்டினேன். எத்தனை பேர் என்றார். அவன் வீட்டு நாலு பேரையும் சேர்த்துச் சொல்லி, அந்த நாலு பேர் வருவது சந்தேகம் என்றேன்.

"வராம போனாலும் காசு காசுதான்ணே."

"தெரியும். நாலு இலை கூடவே இருக்கட்டும்."