மௌத்து வீட்டில் விழித்திருந்தவள்

மாமி பரீதா தரும் தேநீரை நௌபர் வருடக் கணக்காகத் தொடுவதில்லை. காரணம் கேட்டால், "அவட கோப்பையில என்ன கலந்திருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்பான். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். பேச்சையும் மூட்டை மாதிரித் தொப்பென்றுதான் போடுவான்.

விஷயம் இதுதான். அவனுடைய தங்கை றுக்கியாவின் புருஷன் இன்பாஸ், குச்சவெளிப் பக்கம் கடலட்டை பிடிக்கக் கடலுக்கடியில் சுழியோடப் போய் மூச்சில்லாமல் கரைக்கு வந்தான். றுக்கியா தலையிலடித்துக் கத்தினாள். மாமி, தன் முதுகுப் பிடிப்புக்குக் கிளினிக்கில் கொடுத்த டயஸிபாம் என்ற, தூக்கத்தில் தள்ளும் குளிசைகளைத் தேநீரில் கரைத்துப் பருக்கினாள். பாவம் பார்த்துத்தான். றுக்கியா கண் விழித்தபோது ஜனாஸாவைத் தூக்கிப் போய் அடக்கமும் முடிந்திருந்தது. கடைசி முகத்தை அவள் பார்க்கவில்லை.

அதோடு விட்டதா? தூக்கம் வராத நாளெல்லாம் அந்தக் குளிசைதான். ஒன்று இரண்டானது. தையல் மெஷினில் தலை சாய்ந்து ஊசி விரலில் ஏறியது. ரோசம் வந்து ஒரேயடியாக நிறுத்தினாள், வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் வலிப்பை நிறுத்த ஏற்றியதும் அதே மருந்துதான்.

"மருந்தில பிழையில்லை, தங்கச்சி. அடுத்தவரின்ட குளிசையைக் குடிச்சதும் பிழை, சடாரெண்டு விட்டதும் பிழை" என்றார் டொக்டர். அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு குறைத்தாள். ஒருநாள் முழுவதுமாக விட்டும் விட்டாள்.

போன மாதம் அவர்களைப் பெற்ற உம்மா மௌத்தானார். றுக்கியா தெருவே கேட்கக் கதறினாள். மாமி கோப்பையோடு வந்துவிட்டாள்.

"இதக் குடி புள்ள. இப்பிடிக் கத்தினா கிடக்கிற மையத்துக்கு வேதனை."

"வேதனை மையத்துக்கா, உங்கட காதுக்கா மாமி?"

"வாயப் பாரு! திரும்ப வலிப்பு வந்து விழப்போறாய்."

"விழுந்தா முழிச்சுக்கொண்டே விழுறன். கொண்டு போங்க!"

தள்ளிய தள்ளில் கோப்பை முற்றத்தில் போய் உடைந்தது. நௌபர் சிரிப்பை அடக்கிக்கொண்டான், மௌத்து வீடல்லவா.

லுஹர் தொழுகைக்கு முன் அடக்க வேண்டுமென்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். மையத்தை வைத்துத் தூக்கும் சந்தூக்கு வாசலுக்கு வந்துவிட்டது. றுக்கியா உம்மாவின் முகத்தருகே உட்கார்ந்திருந்தாள். அழுகை ஓய்ந்திருந்தது, கண் மட்டும் அந்த முகத்தைவிட்டு நகரவில்லை. மாமி குனிந்து கஃபன் துணியை மூடப் போனாள். அந்தக் கையை இறுக்கிப் பிடித்தபடி றுக்கியா அண்ணன் நௌபரைக் கூப்பிட்டாள்.

"நானா, வாசல்ல அவங்களை நிக்கச் சொல்லுங்க. நான் இன்னும் பாத்து முடியல்ல."